கலப்பையும் கொல்லுலையும்: பல்பயன் உழவுக்கருவியின் வரலாறு

உழவுக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றைப் பயன்படுத்தியோரும் பழுதுபார்த்தோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஒரே சட்டகத்திற் கலப்பை, களைகொத்தி, விதைகருவி ஆகியவற்றை மாறி மாறிப் பொருத்துதற்கேற்ற பல்பயன் கருவியின் கதை இக்குறைபாட்டைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டில், 1955 ஆம் ஆண்டில், ழான் நோல் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இத்தகைய கருவியொன்றை உருவாக்கினார். அங்கு நிலக்கடலை விளையும் பகுதிகளில் மண் மணற்பாங்கானது, மழைக்காலம் குறுகியது. விதைப்பையும் களையெடுப்பையும் காலந்தாழ்த்தாது முடித்தல் இன்றியமையாதது. ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிக் கருவி வாங்க வசதியற்ற சிறு விவசாயி, முதலிற் சட்டகத்தை மட்டும் வாங்கலாம். பின்னர் உறுப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இதுவே நோலின் அடிப்படை எண்ணமாகும்.

இவ்வெண்ணத்திலிருந்து இருவகைக் கருவிகள் தோன்றின. ஒன்று, இரு பெருஞ்சில்லுகள் கொண்ட கருவித்தாங்கி. விவசாயி அதன்மீது அமர்ந்து மாடுகளைச் செலுத்தலாம். தட்டொன்றைப் பொருத்தினால் அதுவே வண்டியுமாகும். மற்றையது, ‘சீன்’ எனப் பெயர்பெற்ற களைகொத்தி. அது முன்புறத்திற் சிறு சில்லொன்று பூட்டிய எளிய இரும்புச் சட்டம். விவசாயி அதன் பின்னால் நடந்து செல்லவேண்டும்.

ஆய்வு நிலையங்களைப் பெரிதும் கவர்ந்தது கருவித்தாங்கியே. ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் இருபதுக்கும் குறையாத நாடுகளில் அது பரிசோதிக்கப்பட்டது. இந்தியாவில், 1972 இல் ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பட்டான்சேருவில் நிறுவப்பட்ட சர்வதேச ஆய்வு நிலையம், கரிசல் நிலத்தில் அகன்ற பாத்தியும் சாலும் அமைத்துப் பயிரிடும் முறைக்கு நோலின் கருவித்தாங்கியைப் பயன்படுத்தியது. ஆய்வு வயல்களில் அது செம்மையாகவே இயங்கியது. ஆகவே அதனை மேலும் திருத்தவும் மலிவாக்கவும் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன.

எனினும் 1988 இல் போல் ஸ்டார்க்கி வெளியிட்ட ஆய்வுநூல் வேறொரு காட்சியைக் காட்டிற்று. செப்பமாக்கப்பட்டும் நிராகரிக்கப்பட்டது என்பதே அந்நூல் இக்கருவிக்குச் சூட்டிய அடைமொழி. நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் ஏறத்தாழ 10,000 கருவித்தாங்கிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள், பல ஆண்டுகள் தொடர்ந்து பல்பயன் கருவியாக விவசாயிகளாற் பயன்படுத்தப்பட்டவை மிகமிகச் சிலவே. பெரும்பாலானவை கைவிடப்பட்டன, அல்லது வெறும் வண்டிகளாக ஓடின.

இதற்கான காரணங்கள் மறைபொருளானவை அல்ல. கருவியின் விலை அதிகம், பாரமும் அதிகம். சிறு வயல்களின் வரம்போரத்தில் அதனைத் திருப்புதல் கடினம். உழவிலிருந்து விதைப்புக்கும் விதைப்பிலிருந்து வண்டிக்கும் மாற்றுவதற்குப் பொழுது வீணாயிற்று. வண்டி வேண்டிய நாளிலேயே களைகொத்தியும் வேண்டியிருப்பின், இரண்டில் ஒன்றையே விவசாயி பெறமுடியும். சட்டகம் பழுதுற்றால் எல்லா வேலைகளும் ஒருங்கே நின்றுவிடும். ஆய்வு நிலையத்திற் சிக்கனமாகத் தோன்றிய ஒருமைப்பாடே குடியானவனின் வயலில் ஆபத்தாயிற்று.

இவற்றினும் பாரதூரமான குறையொன்றுண்டு. ஒரு நாட்டில் நேர்ந்த தோல்வி மற்றொரு நாட்டுக்குத் தெரிவிக்கப்படவில்லை. வெற்றியை எதிர்பார்த்து எழுதப்பட்ட அறிக்கைகளே பரவின. அதனால் ஒரே தவறு மூன்று தசாப்தங்களாக வெவ்வேறு நாடுகளில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

சீன் களைகொத்தியின் வரலாறோ இதற்கு மாறானது. செனகலில் அரசின் விவசாயக் கடன் திட்டத்தின் வாயிலாக அது கிராமங்களிற் பரவியது. 1980 இல் அத்திட்டம் நின்றபோது புதிய கருவிகள் கிடைப்பது அரிதாயிற்று. ஆயினும் கருவி அழிந்துபோகவில்லை. கிராமக் கொல்லர் அதன் உறுப்புக்களைப் பழைய இரும்பிலிருந்து வடித்தனர். முழுக் கருவியையுமே படியெடுத்துச் செய்தனர். தொழிற்சாலை தளர்ந்த இடத்திற் கொல்லுலை அதனைக் காத்தது.

இந்நூற்றாண்டில் இவ்வெண்ணம் புதுவடிவம் பெற்றுள்ளது. மார்சின் ஜக்குபவ்ஸ்கி 2003 இல் தொடங்கிய இயக்கம், உழவு இயந்திரம் உள்ளிட்ட ஐம்பது இயந்திரங்களின் வரைபடங்களை எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ள வழிசெய்தலை இலக்காகக் கொண்டது. அதன் வடிவமைப்பில், இயந்திர வலுவை வழங்கும் பகுதியொன்றைக் கழற்றி வேறொரு கருவியிற் பொருத்தலாம். பிரான்சில் 2014 இற் கூட்டுறவாக அமைந்த அத்தலியே பெய்சான் என்னும் அமைப்பு, வரைபடங்களை வெளியிடுவதோடு நில்லாது, விவசாயிகள் தாமே இரும்பை வெட்டியும் ஒட்டியும் கருவி செய்யப் பயிற்சியளிக்கின்றது.

இவ்விரண்டனுள் பின்னதே செனகற் கொல்லரின் வழிக்கு அண்மையானது. வரைபடம் யாவர்க்கும் பொதுவாதல் நன்றே. ஆயின் அதனைப் படித்துச் செய்யும் கையும், செய்ததன் குறையைத் துணிந்து சொல்லும் நாவும் உடனிருத்தல் வேண்டும். கருவித்தாங்கியை நிராகரித்த விவசாயிகள் அறியாமையால் அவ்வாறு செய்தவரல்லர். அவர்களே அதன் இறுதிப் பரிசோதகர்கள். அவர்களது தீர்ப்பைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், முப்பதாண்டு உழைப்பு வேறு திசையிற் சென்றிருக்கும்.