ரத்தம் சொன்ன கணக்கு

1840. ஜாவாவில் நின்ற டச்சுக் கப்பல். ஜெர்மன் டாக்டர் ராபர்ட் மேயர், மாலுமியின் கைச் சிரையைக் கீறுகிறார். கருஞ்சிவப்பாக வரவேண்டிய ரத்தம் பளீர் சிவப்பு! 'தமனியை வெட்டிவிட்டோமோ?' என்று பதறினார். இல்லை. வெயில் ஊரில் உடம்பைச் சூடாக வைத்திருக்க உள்ளே அதிகம் 'எரிக்க' வேண்டாம். அதனால் ஆக்ஸிஜன் மிச்சம் என்று கணக்குப் போட்டார். அப்படியானால் சாப்பாடு, சூடு, உழைப்பு எல்லாமே ஒரே வரவு-செலவுதானே?

1845-ல் சொந்தக் காசில் சின்னப் புத்தகம் போட்டார். உயரத்திலிருந்து விழும் ஆற்றல், அசைவு, வெப்பம், மின்-காந்தம், வேதியியல்... ஐந்து வேஷம், உள்ளே ஆள் ஒருத்தர்தான். பள்ளிக்கூடத்தில் நீங்கள் உருப்போட்ட பட்டியலுக்கு இதுதான் தாத்தா!

அப்போது யாரும் சட்டை செய்யவில்லை. புகழ் இங்கிலாந்தின் ஜூலுக்குப் போயிற்று (அவரும் உழைத்தவர்தான், பாவம்). 1850-ல் மேயர் ஜன்னல் வழியே குதித்தார், பிழைத்தார். பிறகு மனநோய் விடுதி. லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்தது 1871-ல். ஜூலுக்கு? அதற்கு முந்தின வருஷமே!