கைபேசிவழிக் கல்வி: தேனி ஆடு வளர்ப்போர் திட்டம்

தேனி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்கள், சாதாரணக் கைபேசிக்கு வரும் குரல் செய்திகளைக் கேட்டுத் தொழில் கற்ற முயற்சி இது. வளரும் நாடுகளில் கைபேசிவழிக் கல்வியால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற பன்னாட்டு அமைப்பு 2004இல் தமிழ்நாட்டில் தொடங்கிய, உழவர்களுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தில் இது கிளைத்தது. தேனியில் இதை நடத்தியது விடியல் என்ற தொண்டு நிறுவனம்.

2008ஆம் ஆண்டுவாக்கில் சுமார் 300 பெண்கள் ஆடு வாங்க வங்கிக் கடன் கேட்டார்கள். ஆளுக்கு ஒன்பது பெட்டை, ஒரு கிடா. அவற்றோடு ஒரு கைபேசியும் கடன் கணக்கில் சேர்ந்தது. பொழுது விடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போகிறவர்களால் வகுப்பில் போய் உட்கார முடியாது. பாடம்தான் அவர்களைத் தேடி வரவேண்டும். கைபேசியின் தேவை அங்கே பிறந்தது.

கைபேசியில் பாடம் குரல்வழியே வந்தது. பலருக்கு எழுத்துப் பழக்கம் குறைவு என்பதால் அதுவே பொருத்தம். நல்ல ஆட்டைத் தேர்ந்தெடுப்பது, தீவனம், நோய், விற்பனை என ஒவ்வொன்றும் சிறு சிறு செய்தியாகத் தமிழில் வந்தது. இந்தத் தொழிலில் காலம் தவறினால் அறிவால் பயனில்லை. மழைக்குப் பின் தழைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த ஆட்டைத் துள்ளுமாரி நோய் தாக்கினால் சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும். தடுப்பூசி அதற்கு முன்பே போட்டாக வேண்டும். அந்தப் பருவத்தில், மேயும் இடத்திலேயே காதில் விழும் ஒரு நிமிடச் செய்திக்கு ஈடாக எந்தப் பாடநூலையும் சொல்ல முடியாது.

கேட்டதைப் பெண்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். கைபேசி இல்லாதவர்களுக்கும் சொன்னார்கள். கல்வி வேர்பிடித்தது இந்தப் பேச்சில்தான். கருவியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கும் திட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கதேசத்தில் 2009இல் தொடங்கிய பிபிசி ஜனாலா என்ற கல்வித் திட்டமும் குரலையே நம்பியது. 3000 என்ற எண்ணை அழைத்தால் சில நிமிட ஆங்கிலப் பாடம் கேட்க முடிந்தது. கைபேசி நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்ததும் எளியவர்கள் அழைக்கத் தொடங்கினர்.

2020இல் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. இணையவழி வகுப்புக்கு ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வேண்டியிருந்ததால், அவை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்துக்கு வெளியே நின்றார்கள். இருந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒரே கைபேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தேனிப் பெண்களின் கைபேசியோ அவர்கள் வாங்கிய கடனில் வந்தது. மேய்ச்சலுக்கு அவர்களோடு போனது.