ஃபிலிம் சுருளுக்காகப் பிறந்த ஒரு எண்

நவி மும்பையில் குடியிருக்கும் நம்ம தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி வரும் கேள்வி: "ரேடியேஷன் பொருள் ஏற்றின வண்டி சிக்னல்ல நம்ம பக்கத்துல நின்னா ஏதாவது ஆகுமா சார்?" வாசியில் பிரிட் நிறுவனம் இருப்பதால் வரும் சந்தேகம். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின் போன்ற பொருட்கள் இங்கிருந்து நாடு முழுக்கப் போகின்றன. நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் வேலை. இருந்தாலும் இந்தக் கணக்கு நம்ம வட்டிக் கணக்கு மாதிரியே இருப்பதால் துணிந்து எழுதுகிறேன் :-)

அந்தப் பெட்டிகளின் மஞ்சள் லேபிளில் 'டி.ஐ.' என்று ஒரு எண் இருக்கும். டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ். டி.ஐ. 1 என்றால் பெட்டியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் மணிக்கு 0.01 மில்லி சீவர்ட். சாதாரணமாக அனுப்பும் பெட்டிக்கு உச்சவரம்பு 10.

இந்த 10 எங்கிருந்து வந்தது? அங்கேதான் சுவாரஸ்யம்.

1930களில் அமெரிக்காவில் ரேடியம் பார்சலோடு சேர்ந்து பயணம் செய்த போட்டோ ஃபிலிம்கள் கழுவும் முன்பே புகைபடிந்து வீணாயின. 1936ல் தபால் துறை ரேடியத்தைத் தபாலில் அனுப்பவே தடை போட்டது. போர் முடிந்ததும் ராப்லி எவன்ஸ் தலைமையிலான குழு விதிகளை வகுத்தது. 15 அடி தள்ளி 24 மணி நேரம் இருந்தாலும் ஃபிலிம் கெடக்கூடாது. அதற்கு 1 மீட்டரில் மணிக்கு 10 மில்லி ராண்ட்ஜன். இன்றைய டி.ஐ. 10 அதேதான்! மனிதனுக்காக அல்ல, ஃபிலிமுக்காகப் போட்ட எண்.

மனிதனை மறந்துவிடவில்லை. பெட்டியின் மேற்பரப்பில் மணிக்கு 200 மில்லி ராண்ட்ஜன் என்று வைத்தார்கள். சுமை தூக்குபவர் தினமும் அரை மணி நேரம் பெட்டியை உடம்போடு அணைத்தால் 100. அன்று ஒரு நாளைக்கு அனுமதித்த அளவே அதுதான். 1961ல் சர்வதேச அணுசக்தி முகமையின் முதல் போக்குவரத்து விதிகள் வந்தன.

இன்று பொதுமக்களுக்கான வரம்பு வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட். மேற்பரப்பு வரம்போ இன்றும் மணிக்கு 2 மில்லி சீவர்ட், அதாவது பழைய 200தான். அரை மணி அணைப்பில் வருடக் கோட்டா முடிந்தது! ஆக, பெட்டி விதிப்படி இருக்கிறது என்பதால் மட்டும் தூக்குபவருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. யார், எவ்வளவு தூரத்தில், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டாக வேண்டும்.

பேங்கில் பாக்கியை நாட்களால் பெருக்கி 'ப்ராடக்ட்' எடுக்கிறோமே, அதே முறைதான். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒன்று. டி.ஐ. 1 பெட்டி, டிரைவர் 2 மீட்டர் முன்னால், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 0.0025. தினம் 4 மணி நேரம், 250 நாள்: 2.5 மில்லி சீவர்ட். கதிரியக்கப் பணியாளருக்கு 5 வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 என்ற வரம்பு உண்டு. அதற்குள்தான் வருகிறது. ஆனால் அவரைச் சாதாரண டிரைவர் என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால், பொதுமக்கள் வரம்பைத் தாண்டியது யாருக்கும் தெரியாது.

சிக்னலில் 5 மீட்டர் தள்ளி 1 நிமிடம் நிற்கும் நமக்கு? 0.000007 மில்லி சீவர்ட்கூட வராது. இயற்கையிலிருந்தே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 வருகிறது. அதனால் பயப்பட வேண்டாம் மக்களே.

கவலைப்படுவதென்றால் ஏர்போர்ட் கார்கோவிலும் ஆஸ்பத்திரி லிஃப்ட்டிலும் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போகிறவருக்காகப் படுவோம். ஒரு தள்ளுவண்டி கொடுத்தால் போதும், அவர் கணக்கில் ஏறுவது பல மடங்கு குறைந்துவிடும்.