லின்டோ கப்பல் தளமும் அப்பப்பாவின் வெங்காயத் தோட்டமும்

ஓடென்ஸ நகரிலிருந்து கெர்டமின்டப் பக்கம் போகும் வழியில் முங்கெபோ என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. வீடுகளின் கூரைகளுக்கு மேலே, தொலைவிலிருந்தே ஒரு பெரிய பாரந்தூக்கி தெரியும். அந்த இடத்தின் பெயர் லின்டோ. இப்போது அங்கே கடல் காற்றாலைகளுக்கான பாகங்கள் செய்கிறார்கள். 1959 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக அது ஏ. பி. மொல்லர் குழுமத்தின் கப்பல் கட்டும் தளமாக இருந்தது. பாடசாலையில் உலகமயமாதல் பற்றிப் படிக்கும்போது உங்கள் ஆசிரியர் இதைச் சொல்லியிருக்கக்கூடும். நான் எழுத வந்தது அந்தத் தளம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் யாருக்கு அரசு உதவி கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி. இதில் எங்கள் சொந்த ஊர்க் கதையும் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2006இல் லின்டோவில் கட்டி முடித்த ‘எம்மா மேர்ஸ்க்’ 397 மீற்றர் நீளம். அன்றைக்கு உலகிலேயே பெரிய கொள்கலன் கப்பல் அதுதான். மூன்று வருடம் கழித்து, 2009 ஆகஸ்டில், தளத்தை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. கையிலிருக்கும் கப்பல்களை முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்துவோம் என்றார்கள். கொரியாவிலும் சீனாவிலும் கட்டும் விலைக்கு இங்கே கட்ட முடியவில்லை என்பதே காரணம். 2011 பெப்ரவரியில் அதே மேர்ஸ்க், இன்னும் பெரிய 400 மீற்றர் கப்பல்களைத் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்திடம் கட்டக் கொடுத்தது. மொத்தம் இருபது கப்பல்கள். முதலாவதுக்கு வைத்த பெயர் ‘மேர்ஸ்க் மக்கினி மொல்லர்’, அதாவது லின்டோவின் சொந்தக்காரக் குடும்பத்தின் பெயர். இறக்குமதிப் போட்டி என்றால் யாரோ வெளியாள் வந்து சந்தையைப் பிடிப்பது என்று நாங்கள் நினைக்கிறோம். இங்கே வாங்கியவரும் பழைய முதலாளியும் ஒருவரே. சட்டத்துக்கு அது பொருட்டில்லை. வேலை ஐரோப்பாவை விட்டுப் போனதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்ட சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாதல் நிதியம். 2006இல் சட்டமாகி 2007இல் தொடங்கியது. நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறவன். இப்படிப்பட்ட விதிகளைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றி எழுதுவதுதான் என் பிழைப்பில் பாதி. ஆகவே ஒரு சட்டத்தைத் திறந்தால் என் கண் முதலில் தேடுவது ‘இப்படியிருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே’ என்ற வரிகளைத்தான். இந்த நிதியத்தின் முதல் விதியில் அந்த வரி 1,000 பேர். ஒரு நிறுவனத்தில் அவ்வளவு பேர் வேலை இழந்தால்தான் கதவு திறக்கும். 2009இல் நிதி நெருக்கடி வந்தபோது அதை 500 ஆகக் குறைத்தார்கள். நான்கு மாத இடைவெளிக்குள் 500 பேர். அந்த நிறுவனத்துக்குப் பொருள் கொடுத்த நிறுவனங்களில் வேலை போனவர்களையும் சேர்த்து எண்ணலாம். செலவில் ஒன்றியம் தரும் பங்கும் பாதியிலிருந்து 65 வீதமாகக் கூடியது.

டென்மார்க் அரசு 2010 அக்டோபரில் லின்டோவுக்காக விண்ணப்பித்தது. தளத்திலும் அதற்குப் பொருள் கொடுத்த நான்கு நிறுவனங்களிலுமாக 1,356 பேர் வேலை இழந்ததாகக் கணக்குக் காட்டியது. அவர்களில் 950 பேருக்கு உதவி திட்டமிட்டு, ஏறத்தாழ 1 கோடியே 42 லட்சம் யூரோ கேட்டது. அடுத்த வருடம் 981 பேர் வேலை இழந்ததைக் காட்டி இரண்டாவது விண்ணப்பம் போனது. லின்டோ மட்டுமல்ல. அந்த வருடங்களில் டன்ஃபொஸ், லினாக், காற்றாலை இறக்கை செய்யும் எல்எம், வெஸ்டாஸ் ஆகியவற்றின் தொழிலாளருக்காகவும் டென்மார்க் இதே கதவைத் தட்டியது.

இந்தப் பணம் தொழிலாளியின் கையில் மாதச் சம்பளம் போல வருவதில்லை. மறுபயிற்சி, வேலை தேட வழிகாட்டல், சொந்தத் தொழில் தொடங்க உதவி, பயிற்சிக் காலத்துக்கான படி ஆகியவற்றுக்குத்தான். இரும்பு ஒட்டியவர்களை ரோபோ, எரிசக்தித் தொழில்களுக்குத் திருப்புவது ஒரு நோக்கம். இன்று ஓடென்ஸவில் ரோபோ நிறுவனங்கள் நிறைய இருப்பதற்கு இந்த நிதியம்தான் காரணம் என்று சொன்னால் நான் மிகைப்படுத்துகிறேன் என்று அர்த்தம். யூனிவர்சல் ரோபொட்ஸ் 2005இலேயே தொடங்கிவிட்டது. லின்டோவில் வெல்டிங் ரோபோக்களுடன் வேலை செய்த அனுபவமும் தென் டென்மார்க் பல்கலைக்கழகமும் ஏற்கனவே அங்கே இருந்தன. அந்த மண்ணில் விழுந்த தண்ணீர் இந்தப் பணம். விதை அதற்கு முன்பே இருந்தது.

அப்படியென்றால் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள்? ஆ-கஸ்ஸ. வேலையில்லாக் காப்புறுதிச் சங்கங்களை டென்மார்க் 1907இல் சட்டத்தில் ஏற்றது. ஆ-கஸ்ஸ உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். அங்கத்தவராக இருந்தீர்களா, போதியளவு வேலை செய்தீர்களா. ஏன் வேலை போனது, சீனாவாலா போலந்தாலா என்று அது கேட்பதே இல்லை. (படிப்பை முடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: படிப்பு முடிந்து 14 நாட்களுக்குள் ஆ-கஸ்ஸவில் சேர்ந்தால், வேலை செய்திராவிட்டாலும் டவ்பெங்க கேட்கும் வழி உண்டு. கலண்டரில் குறித்து வையுங்கள்.)

காரணம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டும். இந்த வகை உதவியின் தாய் அங்கேதான். 1962இல் கென்னடியின் காலத்தில், இறக்குமதி வரியைக் குறைக்கும் சட்டத்தோடு, அதனால் வேலை இழப்பவர்களுக்கான உதவியையும் சேர்த்தார்கள். ஆனால் தகுதி பெற ஒரு சங்கிலியை நிரூபிக்க வேண்டும். இறக்குமதி கூடியதற்கு வரிக் குறைப்பே பெரும் காரணம், வேலை போனதற்கு அந்த இறக்குமதியே பெரும் காரணம் என்று. 1969 நவம்பர் வரை ஏழு வருடம் ஒரு தொழிலாளர் குழுவுக்குக்கூட இந்தத் தகுதி கிடைக்கவில்லை. புத்தகத்தில் சட்டம் இருந்தது, அவ்வளவுதான். 1974இல் அந்தச் சங்கிலியைத் தளர்த்திய பிறகே ஆட்கள் உள்ளே வர முடிந்தது. மூன்று தொழிலாளர் சேர்ந்தாலே விண்ணப்பிக்கலாம் என்ற நல்ல விதியும் அதில் இருந்தது. அந்தத் திட்டம் நீடிக்கப்படாமல் விடப்பட்டதால் 2022 ஜூலை 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குத் தகுதி வழங்குவது நின்றுபோனது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். என் சித்தப்பா நடு யூலண்டில் ஒரு தொழிற்சாலையில் ஐந்தாறு வருடம் நின்றார். நிறுவனம் உற்பத்தியைக் கிழக்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. நிரந்தரத் தொழிலாளருக்குக் கடிதம் வந்தது, கூட்டம் வைத்தார்கள், பயிற்சி வகுப்பும் கிடைத்தது. சித்தப்பா ஆள்வழங்கும் நிறுவனம் ஒன்றின் மூலம் போன விகார். அவரை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கூப்பிடவில்லை, அடுத்த திங்களும் கூப்பிடவில்லை. எந்தக் கணக்கிலும் அவர் ஓர் எண்ணாக விழவில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் ஆ-கஸ்ஸவுக்குக் கட்டியிருந்தார். அங்கே மணித்தியாலத்தை எண்ணினார்கள், பணம் வந்தது. தற்காலிகத் தொழிலாளர், ஆள்வழங்கும் நிறுவனத்து வேலையாட்கள் ஆகியோரை ஐரோப்பிய நிதியம் தெளிவாக உள்ளே எடுத்தது 2014 முதல் நடைமுறைக்கு வந்த விதியில்தான்.

ஆ-கஸ்ஸவைப் புகழ்ந்துகொண்டே இருக்கவும் முடியாது. லின்டோவில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த அதே 2010இல், டவ்பெங்க கிடைக்கும் காலத்தை நான்கு வருடத்திலிருந்து இரண்டாகப் பாதியாக்கினார்கள். 2013 தொடக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதிலிருந்து வெளியே விழுந்தார்கள். ஒரு கை பயிற்சிக்குப் பணம் கொடுக்க, மறு கை பயிலும் காலத்தைச் சுருக்கியது. இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் ஒரே மேசையில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

சித்தப்பாவின் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: “எங்கட வீட்டில இது ரெண்டாந்தரம்.” முதல் தரம் எப்போது என்று கேட்டேன். “எழுபத்தேழு” என்றார்.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இலங்கையில் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அது நல்ல காலம். இன்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வெங்காயம் விற்றுக் கல்வீடு கட்டிய கதை ஒன்றாவது வரும். அப்பப்பா எட்டுப் பரப்பில் தோட்டம் செய்தவர். துலாவை விட்டு இறைப்பு மெசின் வாங்கியது அந்த நாளில்தான். வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த திட்டங்களில் இளைஞர்கள் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள்.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ரொனி டி மெல் இறக்குமதியைத் திறந்துவிட்டார். நியாயமாகச் சொல்லவேண்டும்: பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற நாடு அது. திறந்த பொருளாதாரத்தை மக்கள் பலர் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள், எங்கள் ஊரிலும். ஆனால் தோட்டத்தில் விளைச்சல் நிற்கும்போதே வெளி மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வந்தன. விலை விழுந்தது. பாதுகாப்பில் வளர்ந்த கைத்தறி நெசவும் நாடெங்கும் அப்படியே விழுந்தது.

வரியைக் குறைத்த சட்டத்தோடு உதவியையும் சேர்த்து எழுதவேண்டும் என்ற யோசனை உலகில் பதினைந்து வருடம் பழையதாகிவிட்டிருந்தது. இலங்கையில் யாரும் அதை எடுக்கவில்லை. 1979இல் உணவு முத்திரை வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு என்று கோடு கீறினார்கள். ஆ-கஸ்ஸ போலவே அதுவும் காரணம் கேட்கவில்லை. ஆனால் மாத வருமானம் என்றால் என்ன? வெங்காயத் தோட்டக்காரனுக்கு ஒரு போகத்தில் காசு வரும், மற்ற மாதங்களில் கடன்தான் வரும். எட்டுப் பரப்புக் காணியும் ஒரு மெசினும் வைத்திருந்த மனுசன் அலுவலகத்துக்குப் போய் நான் ஏழை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அப்பப்பா போகவே இல்லை. வெட்கம் பாதி, கோபம் பாதி என்று அப்பா சொல்கிறார்.

அந்த மிளகாய்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை உங்களுக்குத் தெரியும். எங்கள் பெற்றோர் எண்பதுகளில் டென்மார்க்குக்கு அகதியாக வந்தது உயிருக்குப் பயந்து. ஆனாலும் தோட்டத்தை நம்பி இருந்த ஒரு வீட்டில் பெடியன்களை ஊரில் பிடித்து வைத்திருந்த கயிறுகளில் ஒன்று அதற்கு முன்பே அறுந்துவிட்டது என்பதும் உண்மை.

இன்றைய ஐரோப்பாவில் அப்பப்பா இருந்திருந்தால் தகுதி கிடைத்திருக்குமா? இதை நான் உண்மையாகவே தேடிப் பார்த்தேன். 2011இல் ஐரோப்பிய ஆணையம், வர்த்தக ஒப்பந்தங்களால் பாதிக்கப்படும் விவசாயிகளையும் இந்த நிதியத்துக்குள் கொண்டுவர முன்மொழிந்தது. பேச்சுவார்த்தையில் அது கைவிடப்பட்டது. 2013 இறுதியில் நிறைவேறிய விதியில் விவசாயிகளுக்கான தனி ஏற்பாடு இல்லை. சுயதொழில் செய்வோரை மட்டும் உள்ளே எடுத்தார்கள். 2021இல் வந்த புதிய விதி எண்ணிக்கையை 200 ஆகக் குறைத்தது. உலகமயமாதலால்தான் வேலை போனது என்று காட்டும் கட்டாயத்தையும் நீக்கிவிட்டது, பெரிய மறுசீரமைப்பு எதுவானாலும் போதும். ஆனாலும் கணக்கு இன்னும் வேலை இழந்த நாளையே தேடுகிறது. தோட்டக்காரனுக்கு அந்த நாள் கிடையாது. அவன் நட்டத்தோடு நடுவான், அடுத்த போகமும் நடுவான். அப்பப்பா வெங்காயத்தை முழுதாக விட்டது எப்போது என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு வருடம் ஞாபகமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பைக் குறைத்துக்கொண்டு புகையிலைக்கு மாறினார் என்றார்.