தொண்டர் தேர்வு: உத்திரமேரூர் முதல் இராஜா அண்ணாமலைபுரம் வரை

தொண்டர் என்பது தமிழில் தொன்மையான சொல். தன்னார்வலர் என்பது இக்காலச் சொல். ஊதியம் கருதாது பிறர்க்குப் பணி செய்ய முன்வருபவரையே இரண்டும் குறிக்கின்றன. அவ்வாறு வருபவரை அமரச் செய்து வினவி, இவர் ஏற்றவர், இவர் ஏலாதவர் என்று பிரிப்பது முறையா? கைம்மாறு வேண்டாது உழைக்க வந்தவருக்கு நேர்காணல் எதற்கு என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. வரலாறு தரும் விடை வேறு.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளை ஆராய்ந்து தெளிவது முதற்படி. தெளிந்தபின் அவர்க்கேற்ற வினையை ஒப்படைப்பது இரண்டாம் படி. அரசியலுக்குக் கூறப்பட்ட இந்நெறி ஊர்ப் பொதுப்பணியிலும் நிலவியதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. அவை முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தனர். குடத்தில் ஓலை இடுவதற்கு முன்பே தகுதி ஆராயப்பட்டது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலவுடைமையும் வேதக் கல்வியும் கேட்ட நிபந்தனைகள் இன்றைக்குப் பொருந்தா. எனினும் பொதுப்பணிக்கு வருபவரை முதலில் ஆராய வேண்டும் என்ற கருத்து பழமைப்பட்டதன்று.

இக்காலத்தில் அக்கருத்தைக் கூர்மையாக விளக்கும் ஓர் அமைப்பு நம் மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ளது. தற்கொலை எண்ணத்தால் துயருறுவோர்க்குச் செவிசாய்க்கும் ‘சினேகா’, 1986ஆம் ஆண்டு மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமாரால் நிறுவப்பட்டது. இதற்கு முன்னோடி இலண்டனில் தோன்றியது. 1953ஆம் ஆண்டு சாட் வரா என்னும் பாதிரியார், வாழ்வில் நம்பிக்கை இழந்தோர்க்கென ஒரு தொலைபேசியை நிறுவிக் காத்திருந்தார். உதவி நாடி நேரில் வந்தோரும் பலர். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடன் அமர்ந்திருந்தவர்கள் தொண்டர்கள். அவர்களிடமே மனச்சுமையை இறக்கிவைத்த பலர், பாதிரியாரைக் காணாமலே ஆறுதலுடன் திரும்பினர். இதைக் கண்ட அவர் 1954இல் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு வளர்ந்தது இவ்வாறே. தம் சமயத்தையோ அரசியலையோ துயருறுவோர்மீது திணித்தல் கூடாது என்பது அத்தொண்டர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு.

புலமையோ பட்டமோ இப்பணிக்கு வேண்டுவதில்லை. பொறுமையான செவி வேண்டும். ஆனால் அச்செவி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவேதான் இத்தகைய அமைப்புகள் விண்ணப்பித்தவரை நேர்கண்டு, பயிற்சி அளித்து, அதன் பின்னரே தொலைபேசியை எடுக்க விடுகின்றன.

ஆசிரியப் பணியில் இருந்தோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு மாணவன் கலங்கி நிற்கிறான். ‘ஒரு பாடந்தானே, இதற்குப் போய் அழலாமா?’ என்கிறோம். சொன்னவர் உள்ளம் நல்லதே. ஆனால் கேட்டவன் அதற்குமேல் வாய் திறக்க மாட்டான். அறிவுரை கூறும் பழக்கம் ஊறிய நம்போன்றோர்க்கு, கூறாமல் கேட்டிருத்தல் அரிய பயிற்சி. தேர்வில் தவறியோர் ஓராண்டு காத்திராமல் விரைவில் மீண்டும் எழுத வேண்டும் என்று சினேகாவும் குரல் கொடுத்தது. பல ஆண்டுகள் கேட்டிருந்ததன் பயன் அது.

நேர்காணலில் அறிய வேண்டுவன சில. ஏன் வருகிறார்? வாரந்தோறும் தவறாது வர இயலுமா? கேட்டதை மனைவியிடமோ கணவனிடமோகூடச் சொல்லாமல் காக்க வல்லவரா? அண்மையில் தமக்கே நேர்ந்த பெருந்துயரிலிருந்து மீண்டுவிட்டாரா? இவ்வினாக்கள் வந்தவரை அவமதிப்பன அல்ல. மறுமுனையில் இருப்பவரைக் காப்பன. கணக்குப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். உடைந்த உள்ளத்தின்மீது விழுந்த சொல்லைத் திரும்பப் பெற இயலாது.

நம் அறக்கட்டளைகளில் தொண்டர் சேர்க்கை பெரும்பாலும் உறவாலும் அறிமுகத்தாலும் நடைபெறுகிறது. பந்தி பரிமாறவும் பந்தல் அமைக்கவும் அது போதும். சிறுவர்க்குக் கற்பித்தல், முதியோரைப் பேணல், நோயாளியின் அருகிருத்தல் ஆகியவற்றுக்குப் போதாது. அத்தகைய பணிக்கு வருபவரிடம் அரைமணி நேரம் அமர்ந்து பேசுவோம். அப்பணிக்கு ஏலாதவர் என்று தோன்றினால், கணக்கெழுதலோ மலர் அச்சிடலோ அவர்க்கேற்ற பிறிதொன்றைத் தருவோம். ‘தெரிந்து வினையாடல்’ என்பது இதுவே. யாரையும் திருப்பி அனுப்புவது நோக்கமன்று; உரியவரை உரிய இடத்தில் அமர்த்துவதே நோக்கம்.