பிறைற்றன்: கடல் தின்ற ஊரும் கடல் வளர்த்த நகரும்

இங்கிலாந்தின் தென்கரையிலே, இலண்டன் மாநகருக்குத் தெற்கே சுமார் 50 மைல் தொலைவில் அமைந்துள்ளது பிறைற்றன் நகரம். ஓய்வையும் உல்லாசத்தையும் நாடி மக்கள் திரளும் கடற்கரைப் பட்டினங்கள் இன்று உலகெங்கும் மலிந்துள்ளன. அவற்றுட் பலவற்றுக்கு முன்னோடியாக விளங்கியது இந்நகரம். ஆனால், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் இவ்வூரைக் கண்டவர் எவரும் இதற்கு இத்தகைய வாழ்வு வரும் எனக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

பிறைற்கெல்ம்ஸ்ரன் என்பது இதன் பழம்பெயர். 1514 ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக்காரர் கடல்வழி வந்து இதனைத் தீக்கிரையாக்கினர். சாம்பலிலிருந்து மீண்டும் எழுந்த ஊர், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 4,000 மக்களைக் கொண்டு, சசெக்ஸ் பகுதியின் பேரூராகத் திகழ்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட படகுகள் வடகடல் வரை சென்று ஹெறிங் மீன் பிடித்து வந்தன. பின்னரே கேடு காலம் தொடங்கிற்று. போர்களாற் கடற்றொழில் நலிந்தது. ஒதுங்கி நிற்கத் துறைமுகம் இல்லை. படகுகளைக் கரையிலேதான் இழுத்து ஏற்ற வேண்டும். கடலோ ஆண்டுதோறும் கரையைத் தின்று வந்தது. மேட்டின் அடியிலே, நீர் விளிம்பையொட்டி, மீனவரின் கீழூர் ஒன்று இருந்தது. 1703 ஆம் ஆண்டிலும் 1705 ஆம் ஆண்டிலும் வீசிய பெரும் புயல்கள் அதனை அழித்துக் கூழாங்கற்களின் கீழ்ப் புதைத்துவிட்டன. எஞ்சியோர் மேட்டூரிலே வறுமையோடு வாழலாயினர்.

அவர்களுக்கு எஞ்சிய செல்வங்களுள் ஒன்று, ஊரின் கிழக்கே விரிந்து கிடந்த ஸ்டீன் என்னும் புற்றரை. வலைகளை உலர்த்துவதும், கிழிந்தவற்றைப் பொத்துவதும், கடல் கொந்தளிக்கும் வேளையிற் படகுகளை இழுத்து வைப்பதும் அங்கேதான். உறுதி எழுதி வாங்கிய நிலமன்று அது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமே அவர்களுடைய உரிமையாயிருந்தது. இந்த நகரின் வரலாற்றிலே அரண்மனையைக் காட்டிலும் இத்திடலையே கூர்ந்து நோக்க வேண்டும்.

ஊருக்கு மறுவாழ்வு தந்தவர் ஒரு வைத்தியர். அயலூராகிய லூயிஸ் நகரிற் பிறந்த றிச்சட் றசல் என்பார், கழலை நோய்களுக்குக் கடல்நீர் நல்ல மருந்து என்று 1750 ஆம் ஆண்டிலே இலத்தீன் மொழியில் நூலொன்றை எழுதி வெளியிட்டார். கடல்நீரில் மூழ்கினாற் போதாது, அதனைப் பருகவும் வேண்டும் என்பது அவர் கட்டளை. குளிர்காலத்திற் குளிப்பதே நன்று என்றும் அவர் கருதினார். அம்மருந்தினால் எத்தனை பேர் பிழைத்தனர் என்பது வேறு விடயம்; ஊர் பிழைத்துக்கொண்டது. 1753 இல் அவர் ஸ்டீன் திடலின் தென்கோடியிலே பெரியதொரு வீட்டைக் கட்டிக் குடியேறினார். நோயாளர்கள் பின்தொடர்ந்தனர். வீடுகளை ஊரைத் தின்னும் பகைவன் கடல் என அஞ்சி அதற்கு முதுகு காட்டிக் கட்டி வந்த ஊரிலே, கடலை நோக்கிச் சன்னல் வைத்த வீடுகள் எழத் தொடங்கின.

குளிக்க வந்த சீமான்களும் சீமாட்டிகளும் சக்கரம் பூட்டிய மரக் கூண்டுகளினுள்ளே உடை மாற்றினர். குதிரைகள் அக்கூண்டுகளை நீருக்குள் இழுத்துச் சென்றன. அங்கே இடுப்பளவு நீரில் நின்ற மீனவப் பெண்கள் அவர்களைப் பிடித்து அலையிலே அமிழ்த்தி எடுத்தனர். இத்தொழிலிற் புகழ்பெற்றவள் மார்த்தா கன் என்பவள்; 1815 இல் இறக்கும் வரை ஊரறிந்த பெயர் அவளுடையது. ஆக, மீனவக் குடும்பங்களுக்குப் புதிய பிழைப்பு ஒன்று கிடைத்தது மெய்யே. ஆனால், அதே பிரபுக்கள் மாலையில் உலாவ விரும்பிய இடம் ஸ்டீன் திடல். வலைகள் அவர்களுடைய காலிலே சிக்கின. மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. 1770களிலே திடலின் ஒரு பகுதிக்கு வேலி வந்தது. 1793 இல் திடலில் தேங்கிய நீரை வடித்துவிடும் செலவை வேல்ஸ் இளவரசரும் மால்பரோ கோமகனும் ஏற்றனர்; அதற்குப் பிரதியாகத் தத்தம் மாளிகைகளுக்கு முன்னிருந்த நிலத்தை அடைத்துக்கொள்ள அனுமதி பெற்றனர். மீனவர் முறையிட்டனர், எனினும், வழக்கம் என்ற ஒன்றையன்றி வேறெதனையும் காட்ட அவர்களிடம் இல்லை. படிப்படியாக வலைகள் கூழாங்கற் கரைக்குத் துரத்தப்பட்டன.

இளவரசர் எனப்பட்டவர், பிற்காலத்தில் நான்காம் ஜோர்ஜ் மன்னராக முடி சூடியவர். 1783 இல், தம் 21 ஆவது வயதில், முதன்முறையாக இங்கு வந்தார். கழுத்து வீக்கத்துக்குக் கடல்நீர் நல்லது என வைத்தியர்கள் கூறினராம். தந்தையாரின் கண்காணிப்புக்கு எட்டாத தூரம் என்பதும் அவருக்கு ஒரு மருந்தாக இருந்திருக்கும். ஒரு பண்ணை வீட்டை வாடகைக்குப் பெற்று, 1787 இல் அதனை ஹென்றி ஹொலண்ட் என்னும் சிற்பியைக் கொண்டு மாளிகையாக்கினார். 1815 இலிருந்து ஜோன் நாஷ் என்பார் அதனை இந்திய அரண்மனைகளின் சாயலிலே மாற்றியமைத்தார். வெங்காய வடிவக் குவிமாடங்களும் தூபிகளும் எழுந்தன. நாஷ் இந்தியாவைக் கண்டவரல்லர். ஓவியங்களைப் பார்த்தே வரைந்தார்.

உண்மையாகவே இந்தியாவிலிருந்து வந்த ஒருவரும் அந்நாளில் அவ்வூரில் வாழ்ந்தார். பட்னாவிற் பிறந்த சேக் டீன் மகமது, இலண்டனில் இந்திய உணவுச்சாலை ஒன்றை நடத்தி நட்டமடைந்து, 1814 அளவிலே பிறைற்றனுக்கு வந்து நீராவிக் குளியலும் உடற்பிடிப்பும் செய்யும் நிலையம் அமைத்தார். உடலைப் பிடித்துவிடும் அம்முறைக்கு வழங்கிய ‘சம்பூ’ என்ற இந்திய வழிச் சொல், பின்னர் தலை கழுவும் பொருளுக்குப் பெயராயிற்று. இரு மன்னர்களுக்கு அவர் இத்தொழிலைச் செய்தார். 1851 இல் இறந்த அவருடைய கல்லறையும் மார்த்தா கன்னின் கல்லறையும் புனித நிக்கலஸ் ஆலய வளவிலேயே உள்ளன.

1801 இல் 7,339 ஆக இருந்த சனத்தொகை 1831 இல் 40,634 ஆயிற்று. அரசர் வந்த இடம் என்ற பெயரே இவ்வளவையும் செய்தது எனலாம். 1841 இல் இலண்டனிலிருந்து புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. குதிரை வண்டியில் ஐந்து மணி நேரம் போல் எடுத்த பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிற்று. 1844 இல் மலிவுக் கட்டண உல்லாசப் புகையிரதங்கள் ஓடலாயின. கடைச் சிப்பந்தியும் தொழிலாளியும் ஒரு பகலுக்குக் கடலைக் கண்டு திரும்ப முடிந்தது. விக்ரோறியா மகாராணியாருக்கோ இவ்வூரிலே தனிமை வாய்க்கவில்லை. 1845 க்குப் பின் அவர் அங்கு வரவேயில்லை. இடித்து விற்கப்படவிருந்த அரண்மனையை 1850 இல் நகரத்தாரே சுமார் 53,000 பவுணுக்கு வாங்கினர். அரசர் கைவிட்ட பின்னரும் நகரம் தேயவில்லை. ஏழைகளின் சில்லிங்குகளால் மேலும் வளர்ந்தது.

வளர்ச்சியின் மறுபுறம் அழகானதன்று. கடலை நோக்கிய வெண்ணிற மாளிகை வரிசைகளுக்குப் பின்னாலே வடிகாலற்ற சேரிகள் நெருங்கிக் கிடந்தன. நகரின் கழிவுநீரோ, மக்கள் நலம் நாடி மூழ்கிய அதே கடலிலே, அவர்கள் கண்முன்னே கலந்தது. அதனைக் கிழக்கே பல மைல் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் பெருங்குழாய் 1874 இலேதான் முற்றுப்பெற்றது. இதற்கிடையில், கடலுக்குள் நீண்ட பொழுதுபோக்குப் பாலங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1823 இற் கட்டிய சங்கிலிப் பாலத்தை 1896 ஆம் ஆண்டுப் புயல் விழுங்கியது. 1866 இன் மேற்குப் பாலம் 1975 இல் மூடப்பட்டு, 2003 இல் தீயினாற் கருகிற்று. 1899 இற் திறந்த பாலமே நிலைத்தது. மாக்னஸ் வோக் என்பார் கரையோரமாக 1883 இல் ஓடவிட்ட சிறு மின்சார வண்டியும் நிலைத்து, இன்றும் ஓடும் மின்சார வண்டிப் பாதைகளுள் உலகிலேயே மூத்தது என்ற பெயரைப் பெற்றது.

முதலாம் உலகப் போரிலே, பிரான்சின் போர்க்களங்களிற் காயமுற்ற இந்தியப் போர்வீரர்களுக்கு 1914 இன் இறுதி முதல் 1916 இன் தொடக்கம் வரை அவ்வரண்மனையே வைத்தியசாலையாயிற்று. சமய ஆசாரங்களுக்கு ஏற்ப வெவ்வேறு சமையற்கூடங்களும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி நீர்க்குழாய்களும் அமைக்கப்பட்டன. கனவிலே கண்ட இந்தியாவாக ஓர் இளவரசர் கட்டுவித்த மண்டபத்தில் மெய்யான இந்தியர் படுத்து வலியால் முனகினர். மாண்டோரில் இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேர் நகருக்கு வடக்கேயுள்ள குன்றிலே தகனம் செய்யப்பட்டனர். அவ்விடத்தில் 1921 இல் வெண்சலவைக்கல்லாலான சத்திரி மண்டபம் திறக்கப்பட்டது.

விமானமேறி வெயில் நாடுகளுக்குச் செல்லும் வழக்கம் பெருகியபோது, ஆங்கிலக் கடற்கரைப் பட்டினங்கள் பலவும் வாடின. பிறைற்றனின் அயலிலே 1961 இற் சசெக்ஸ் பல்கலைக்கழகம் தோன்றியது; மாணாக்கரின் வரவு ஊருக்கு உதவிற்று. 2000 ஆம் ஆண்டிலே, அயலூரான ஹோவுடன் சேர்ந்து மாநகர் என்னும் தகுதி அதற்குக் கிடைத்தது. றசல் வைத்தியரின் வீடிருந்த இடத்தில் 1826 இல் எழுந்த அல்பியன் விடுதி 2023 இல் எரிந்தது. ஸ்டீன் திடலில் இன்று நீரூற்றும் பூம்பாத்திகளும் உள்ளன. சுற்றிலும் வாகனங்கள் விரைகின்றன. மீனவரின் பழைய மரப்படகொன்றைக் காண விரும்புவோர் அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கி, வீதியைத் தாங்கும் வளைவுகளின் கீழே 1994 இல் திறக்கப்பட்ட மீன்பிடி நூதனசாலைக்குச் செல்லலாம்.