வெட்டிய துடுப்பு எதிலிருந்து வளர்கிறது? ஒரு கேள்வியின் வரலாறு

மீனின் துடுப்பை வெட்டினால் அது மீண்டும் வளரும் என்று ஆய்ந்து எழுதிய முன்னோடி பிரெஞ்சு இயற்கையியலர் புரூசோனே; ஆண்டு 1786. வளர்வது தெரிந்துவிட்டது, எதிலிருந்து வளர்கிறது என்பது தெரியவில்லை. அதற்கு மேலும் இரு நூற்றாண்டுகள் பிடித்தன. அறிவு குறைவாக இருந்ததல்ல காரணம். ஒரு செல்லை அடையாளமிட்டு அதன் வாரிசுகளைத் தொடரும் வழி அதுவரை இல்லை.

இடையில் குறிப்பிடத்தக்கவர் தாமஸ் ஹன்ட் மார்கன். பழ ஈயால் நோபல் பரிசு பெறுவதற்கு வெகுமுன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் மீன் வாலை வெட்டி அளந்துகொண்டிருந்தார். உடலை ஒட்டி வெட்டினால் வளர்ச்சி வேகமாகவும், நுனியில் வெட்டினால் மெதுவாகவும் இருப்பதைக் கண்டார். எவ்வளவு இழந்தோம் என்பது எஞ்சிய பகுதிக்கு எப்படியோ தெரிகிறது. என் கணிப்பில் இத்துறையின் மிகக் கூர்மையான கேள்வி இன்றும் இதுதான்.

விடை தேட உதவிய மீன் நம் நாட்டுடையது. 1800இல் கோவைப் பக்கம் வந்துபோன பிரான்சிஸ் புக்கானன், பின்னாளில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய நூலில் வரிக்குதிரை மீனை விவரித்தார். அது தொட்டி மீனாகக் கடல் கடந்தது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆய்வைத் தொடங்கியதே கடையில் வாங்கிய மீன்களைக் கொண்டுதான். அதன் இயற்கை வாழிடங்களை இந்திய ஓடைகளில் தேடி 2013இல் கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலோரோ நம் ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தில் பணியாற்றியவர்கள்.

துடுப்புக் கதிர் ஒவ்வொன்றும், பிளந்த மூங்கிலின் இரு பாதிகளை எதிரெதிரே வைத்ததுபோன்ற எலும்புப் பட்டைகளால் ஆனது. பல துண்டுகள், இடையிடையே மூட்டுகள். உள்ளே இரத்தக்குழாய், நரம்பு, இணைப்புத்திசு. வெட்டிய சில மணி நேரத்தில் மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. ஓரிரு நாளில் அதன் அடியில் வேகமாகப் பிரியும் செல்களின் குவியல் ஒன்று சேர்கிறது. இதுவே பிளாஸ்டீமா. ஆய்வகத் தொட்டியின் 28 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வால் நிறைகிறது. குளிர்ந்த நீரில் எல்லாம் மந்தம்: ஏற்காட்டு மலையில் வாழவந்தி போன்ற ஊர்களின் ஓடையில் துடுப்பு கிழிந்த மீனுக்கு, கீழே சேலத்துக் குளத்து மீனைவிடக் கூடுதல் நாள் வேண்டும்.

வெப்பத்தையே கருவியாக்கினார்கள் ஜான்சன், வெஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள். சூடு ஏறினால் மட்டும் பழுதாகும் மரபணு மாற்றங்களைத் தேடி, மீள்வளர்ச்சி எந்தெந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று 1995இல் காட்டினர். 2000இல் எஃப்ஜிஎஃப் எனும் வளர்ச்சிக் காரணியின் செய்தியை மருந்தால் தடுத்தபோது பிளாஸ்டீமா உருவாகவேயில்லை.

அந்தக் குவியலின் செல்கள் எங்கிருந்து வந்தவை? எதுவாகவும் மாறவல்ல மூலச் செல்கள் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. 2011இல் வெளிவந்த இரு ஆய்வுகள் அதை உடைத்தன. முதிர்ந்த எலும்பாக்கச் செல்கள் தம் முதிர்ச்சிக்குரிய மரபணுக்களை அடக்கிக்கொண்டு, வெட்டுமுனைக்கு நகர்ந்து, பெருகி, மறுபடி எலும்பே கட்டின. தோலின் செல் தோலானது. எலும்பின் செல் எலும்பானது. ஒரு படி பின்வாங்கினவே தவிர, குலம் மாறவில்லை. அதே ஆண்டு இன்னொரு குழு, 11 மாதத்தில் 27 முறை வெட்டியும் வாலின் மீள்திறன் குன்றவில்லை என்று அறிவித்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும். 2012இல் கென்னத் பாஸ் குழுவினர் எலும்பாக்கச் செல்களை மரபணு உத்தியால் அழித்துவிட்டு வாலை வெட்டினார்கள். எலும்பு அப்போதும் வளர்ந்தது. ஆக, மாற்றுவழி ஒன்று இருந்தாக வேண்டும். 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கான இருப்பை எலும்பாக்க முன்னோடிச் செல்களாக அடையாளம் கண்டார்கள். அவை தங்கியிருந்த இடம் கதிர்த்துண்டுகளின் மூட்டுகள்.